மணப்பெண் பருமனாக இருந்தால் போட்டோகிராபர் எங்கே நிற்க வேண்டும்?

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆல்பம் வீட்டுக்கு வருகிறது. அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். "மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கார்" என்கிறார் ஒருவர். "சம்பந்தியம்மா புடவை ஜோர்" என்கிறார் இன்னொருவர். மணப்பெண் மட்டும் நாலு பக்கம் புரட்டுகிறாள். "நான் இப்படியா இருக்கேன்?" என்று மூடிவைத்து விடுகிறாள். அப்புறம் அந்த ஆல்பம் பரணை விட்டு இறங்குவதே இல்லை.

பூசினாற்போன்ற உடம்புள்ள பெண்கள் இருக்கும் வீடுகளில் இது சகஜமாக நடக்கிறது. பி.எப். பணத்தை எடுத்து, சீட்டுக் கட்டி, கடன் வாங்கி நடத்திய கல்யாணம். அதற்கு மிஞ்சுகிற ஒரே சாட்சி அந்த ஆல்பம்தான். அதைப் பார்க்கவே பெண்ணுக்கு மனம் இல்லை என்றால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

பழி முழுவதும் பெண்ணின் உடம்பின்மேல் விழுகிறது. "நீ கொஞ்சம் இளைத்திருக்கலாம்" என்று தாயே சொல்லிவிடுகிறாள். ஆனால் பல சமயம் தப்பு உடம்பில் இல்லை. காமிராவைப் பிடித்தவர் நின்ற இடத்தில் இருக்கிறது.

பருமன் என்பது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதியும் அல்ல. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 40 பேர். இவ்வளவு பேர் இருக்கும்போது, அவர்களை அழகாகப் படம் பிடிக்கத் தெரியாதவரைத் தொழில் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

காமிராவும் பொய் சொல்லும்

காமிராவுக்கு மிக அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

மணப்பெண் கையில் தாம்பூலத் தட்டு ஏந்தி நிற்கிறாள். அவளுடைய முன்கை முகத்தைவிட ஓர் அடி முன்னால் இருக்கிறது. போட்டோகிராபர் முகத்திலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறார். அப்படியானால் கைக்கும் காமிராவுக்கும் இரண்டடிதான். முகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கை ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். அவரே பத்தடி தள்ளிப் போய் நின்றால், கை ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுதலாகத் தெரியும். பெண் அதே பெண், கையும் அதே கை. மாறியது தூரம் மட்டும்தான்.

தள்ளி நின்றால் படத்தில் ஆள் சின்னதாகத் தெரிவாளே என்று கேட்கலாம். அதற்காகத்தான் நீண்ட லென்சு இருக்கிறது. முகம், மார்பளவுப் படங்களுக்கு 85 முதல் 135 மில்லிமீட்டர் வரை உள்ள லென்சைத் தொழில் தெரிந்தவர்கள் கையாள்வது வெகுகாலமாக உள்ள வழக்கம். 24, 28 மில்லிமீட்டர் அகல லென்சு கூட்டத்தைப் பிடிக்க ஏற்றது. அதைப் பெண்ணின் முகத்துக்கு நேரே கொண்டுபோனால் மூக்கும் கன்னமும் தோளும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும்.

செல்போனில் எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். செல்போனின் பிரதான லென்சு அகல லென்சு வகைதான். சித்தி மகனும் அத்தை மகளும் ஆசையாகக் கிட்டே வந்து எடுக்கும் படங்களில் மணப்பெண் இன்னும் பருமனாகத் தெரிவது இதனால்தான். நாலடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அகல லென்சுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. படத்தின் ஓரங்களில் இருப்பவர்களை அது பக்கவாட்டில் இழுத்துவிடும். குடும்பப் படத்தில் கடைசியில் நிற்கும் பெரியம்மா ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவது இப்படித்தான். ஆகவே குழுப் படங்களில் உடம்பு கனத்தவர்களை ஓரத்தில் நிறுத்தாமல் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு. "நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா" என்பார்கள்!

மேடைக்குக் கீழே நின்றால்...

கல்யாண ஹாலில் மேடை இரண்டு மூன்றடி உயரம் இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேலே. போட்டோகிராபர் கீழே நின்று அண்ணாந்து எடுக்கிறார். தாடைக்கு அடியில் உள்ள சதை முதலில் கண்ணில் படும். இடுப்பும் வயிறும் காமிராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகும். முகம் தூரத்தில் சிறுத்துப் போகும்.

பருமனான பெண்ணை எடுக்கும்போது காமிரா அவள் கண் மட்டத்திலோ, அதற்குச் சற்று மேலோ இருப்பது நல்லது. மேடைமேல் ஏறி எடுக்க வேண்டும். கீழிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். அதற்காகத் தலைக்கு நேர் மேலே போய் எடுத்தால் ஆள் குள்ளமாகிவிடுவாள். மணையில் அமர்ந்திருக்கும் பெண்ணை நின்றபடியே குனிந்து எடுப்பவர்கள் செய்யும் தப்பு அது. அங்கே முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு அரை அடி மேலே காமிராவை வைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமான படம் தாலி கட்டும் படம். அதுதான் பெரும்பாலும் மோசமாக அமைகிறது. கெட்டிமேளம் கொட்டியதும் பெரியவர்கள் அட்சதையோடு சூழ்ந்துகொள்வார்கள். போட்டோகிராபர் இடுக்கில் புகுந்து, அகல லென்சை மாட்டி, கிட்டே போய், கீழிருந்து அவசரமாகத் தட்டுவார். பெண்ணோ தலை குனிந்திருக்கிறாள். மோவாய் கழுத்தில் அழுந்தியிருக்கிறது. இத்தனையும் ஒன்று சேர்ந்தால் ஒல்லியான பெண்ணுக்கே இரட்டைத் தாடை விழும்!

கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே போட்டோகிராபர் ஒரு பக்கமாக, சற்று உயரத்தில் இடம் பிடித்துவிட வேண்டும். அந்த இடத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளப் பெண்ணின் அண்ணனோ மாமாவோ ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். இதற்குக் காலணா செலவு இல்லை.

வெளிச்சம் செதுக்கும்

முகத்துக்கு நேரே பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கும். கன்னம் எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வட்ட முகம் இன்னும் வட்டமாகும். நெற்றி வியர்வையும் பவுடரும் சேர்ந்து மினுங்கும்.

வெளிச்சம் பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வர வேண்டும். பெண் முகத்தைக் கொஞ்சம் திருப்பி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காமிராவுக்கு அப்பால் உள்ள கன்னத்தில் வெளிச்சம் விழுந்து, இப்பால் உள்ள கன்னம் லேசான நிழலில் இருந்தால் முகம் ஒடுங்கித் தெரியும். வெளிச்சம் இப்பால் உள்ள கன்னத்தில் விழுந்தால் அகன்று தெரியும். ஸ்டூடியோக்காரர்களுக்கு இது பால பாடம். கல்யாணக் கூட்டத்தில்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஜன்னல் ஓரம் இதற்கு அருமையான இடம். காலை முகூர்த்தத்துக்கு முன், அலங்காரம் முடிந்த பெண்ணை ஜன்னல் பக்கம் கால் மணி நேரம் நிறுத்தி எடுத்தால், நாள் முழுவதும் எடுக்கும் படங்களைவிட அவை நன்றாக அமைந்துவிடும். துணிப் பந்தலில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சிவப்பு, மஞ்சள் துணியில் பிளாஷை மோதவிட்டால் அந்த நிறம் பெண்ணின் முகத்தில் ஏறிவிடும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் துணி இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும்.

நிற்பதும் உட்காருவதும்

"வயிற்றை உள்ளே இழுங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்த பெண்ணின் முகத்தில் அந்த அவஸ்தை தெரியும். சிரிப்பு செத்துப்போகும்.

வழி வேறு இருக்கிறது. காமிராவை நேருக்கு நேர் பார்த்து நிற்காமல் உடம்பைச் சற்றுத் திருப்பி நிற்க வேண்டும். உடம்புப் பாரத்தைப் பின்காலில் கொடுக்க வேண்டும். கையை விலாவோடு ஒட்டவைத்தால் மேல்கைச் சதை அமுங்கிப் பரவும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் இடுப்பு தனியாகத் தெரியும். கழுத்தை நீட்டி, மோவாயைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, சிறிது தாழ்த்தினால் இரட்டைத் தாடை மறைந்துவிடும். கண்ணாடி முன் இரண்டு நாள் பழகினால் இது தானாக வந்துவிடும்.

வரவேற்பில் போடும் ராஜா நாற்காலி ஒரு பெரிய எதிரி. அதன் மெத்தையில் புதைந்து உட்கார்ந்தால் உடம்பு பரந்து தெரியும். நாற்காலியின் முன் விளிம்பில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மெத்தைக்கு அடியில் ஒரு பலகை வைத்துவிட்டால் இன்னும் சௌகரியம். மூன்று மணி நேரம் நின்றே கைகூப்பும் பெண்ணுக்கு நடுநடுவே ஐந்து நிமிஷம் ஓய்வும் ஒரு டம்ளர் மோரும் கொடுத்தால், கடைசிப் படத்திலும் முகம் வாடாது.

முகூர்த்தத்துக்கு முன் பட்டினி கிடந்து இளைக்கப் பார்ப்பது வீண் வேலை. கண் குழிந்து, தலை சுற்றி நிற்கும் பெண்ணை எந்த லென்சும் காப்பாற்றாது.

ரவிக்கையும் ஒட்டியாணமும்

பல படங்கள் தையற்காரரிடமே கெட்டுவிடுகின்றன. மூன்று மாதம் முன்பு கொடுத்த அளவில் தைத்த ரவிக்கை, கல்யாணத்தன்று இறுக்கிப் பிடிக்கும். கைவிளிம்பிலும் முதுகிலும் சதை பிதுங்கும். ஒரு வாரம் முன்பு போட்டுப் பார்த்து, தையலைப் பிரித்துவிட வேண்டும். முழங்கை வரை நீண்ட கை பலருக்குப் பொருந்தும்.

வாடகைக்கு எடுக்கும் நகை செட்டில் ஒட்டியாணம் எட்டாமல் போவது உண்டு. மேடைக்குப் போகும் நேரத்தில் அதை இழுத்து மாட்ட முயன்று, பெண் கண்கலங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முன்கூட்டியே இடுப்பில் வைத்துப் பார்த்து, பின்பக்கம் நாடா வைத்துக் கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. வங்கியும் அப்படியே. மேல்கையில் பதிந்து தடம் விழும்படி மாட்டக்கூடாது.

புதுப் பட்டுப்புடவை விறைப்பாக இருக்கும். கொசுவம் பலூன்போல் உப்பும். முதல் நாளே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டு வைத்தால் படியும். கூறைப் புடவை மாற்றிக்கொண்டு அவசரமாக வரும்போது கொசுவத்தைச் சரிசெய்ய ஒரு பெண் கூடவே இருக்க வேண்டும். கழுத்தை மூடும் தடித்த குட்டை மாலையைவிட, நீண்டு தொங்கும் மெல்லிய மாலை பருமனான பெண்ணுக்கு எடுப்பாக இருக்கும். மாட்டுங்காப் பூக்கடைகளில் முன்கூட்டிச் சொன்னால் வேண்டிய அளவில் கட்டிக் கொடுப்பார்கள்.

"குறுக்குக் கோடு போட்ட துணி குண்டாகக் காட்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு மாறாக எழுதினார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், குறுக்குக் கோடு போட்டது உயரமாகவும், நெடுக்குக் கோடு போட்டது அகலமாகவும் கண்ணுக்குத் தோன்றும் என்று அவர் காட்டினார். ஆகவே கோட்டுக்குப் பயந்து பிடித்த புடவையை விட்டுவிட வேண்டாம். பெண்ணுக்குப் பிடித்த புடவையில்தான் அவள் முகம் மலரும்.

கம்ப்யூட்டர் கொடுக்கும் இடுப்பு

"எதற்குக் கவலை? பின்னால் கம்ப்யூட்டரில் இளைக்க வைத்துவிடலாம்" என்று சொல்லும் போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஆசை புதிதல்ல. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டி முகச் சுருக்கத்தைப் போக்குவார்கள். சிறு கத்தியால் சுரண்டி இடுப்பைக் குறைப்பார்கள். ஆனால் அது கைவலிக்கும் வேலை. அன்று ஒரு பெரிய பிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான். எனவே பொத்தானை அமுக்குமுன் பெண்ணின் முகத்தை ஒரு முறை, வெளிச்சத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டுகிறார்கள். பார்ப்பதுதான் குறைந்துவிட்டது.

போட்டோஷாப் 1990-இல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில், படத்தில் உள்ள உருவத்தை மாவு பிசைவதுபோல் அமுக்கவும் தள்ளவும் வசதி செய்தார்கள். இன்று செல்போனிலேயே அது நடக்கிறது. ஆனால் இடுப்பை அமுக்கினால் பக்கத்தில் உள்ள வாழைமரமும் வளையும். ஜரிகைக் கரை நெளியும். வளையல் நீள்வட்டமாகும். கூர்ந்து பார்ப்பவருக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெண்ணைக் கேட்காமல் அவள் உடம்பைத் திருத்துவது, "நீ இருக்கிறபடி இருந்தால் போதாது" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதுதான். பிள்ளைகள் பெரியவர்களாகி, "அம்மா, இது நீயா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வாள்? கறுத்த பெண்ணை வெளுக்க வைப்பதும் இதே ரகம்தான்.

உடல் அளவைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று பிரான்சில் 2017-லும், நார்வேயில் 2022-லும் விதி அமலுக்கு வந்தது. கல்யாணப் படத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. பெண்ணின் சம்மதம்தான் அங்கே சட்டம். ஒரு பருவை நீக்குவது வேறு, ஆளையே மாற்றுவது வேறு.

ஊருக்குப் போகும் படம்

இந்தத் திருத்தல் வேலை பெரிய வம்பில் முடிவது வரன் தேடும் படத்தில்தான். முன்பெல்லாம் மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கும் கும்பகோணத்துக்கும் தபாலில் படம் போகும். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போகிறது. பத்துக் கிலோ குறைத்த படத்தை நம்பி, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து பெண் பார்க்க வருகிறார்கள். நேரில் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்ற பழைய வாசகம் வருகிறது. படத்தைத் திருத்தியது யாரோ. அவமானம் பெண்ணுக்கு!

நல்ல வெளிச்சத்தில், சரியான தூரத்தில், உள்ளபடி எடுத்த படத்தை அனுப்பினால், வருகிறவர்கள் பெண்ணைத் தெரிந்தே வருவார்கள். வேண்டாதவர்கள் வரவே மாட்டார்கள். அதுவும் ஒரு லாபம்தான்.

முன்கூட்டியே பேச வேண்டியவை

மும்பைத் தமிழர்களில் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் ஹால் எடுப்பவர்கள் உண்டு. தாராவியில் வாசலிலேயே பந்தல் போடுபவர்கள் உண்டு. ஊரில் முகூர்த்தத்தை முடித்துவிட்டு இங்கே வரவேற்பு மட்டும் வைப்பவர்களும் உண்டு. இங்கே கிடைக்கும் போட்டோகிராபருக்கு நம் சடங்குகள் தெரியாமல் இருக்கலாம். மாலை மாற்றுவது எப்போது, கூறைப் புடவை எப்போது, தாலி கட்டு எப்போது, மெட்டி போடுவது எப்போது என்று நேரத்தோடு ஒரு தாளில் இந்தியில் எழுதிக் கொடுப்பது நல்லது.

முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. பொறுக்கி எடுத்த பத்துப் படங்களைப் பார்த்து மயங்காமல், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பருமனான மணப்பெண்ணை எடுத்த ஆல்பம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பேசுகிறவரே வந்து எடுப்பாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணைக் கேட்காமல் உடம்பைத் திருத்தக்கூடாது, திருத்தாத மூலப் படங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். ஆல்பத்துக்கான படங்களைப் பெண்ணே பொறுக்கட்டும். பணத்தில் ஒரு பகுதியை ஆல்பம் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம்.

ஒரு வார்த்தை போதும்

லென்சும் வெளிச்சமும் பாதி வேலைதான் செய்யும். மீதியைச் செய்வது சுற்றி இருப்பவர்களின் வாய்.

"மாப்பிள்ளையை மறைக்குது, கொஞ்சம் பின்னால நில்லும்மா" என்று மேடையில் நூறு பேர் முன்னிலையில் ஒருவர் சொன்னால், அந்தப் பெண் அன்று முழுவதும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். குறுக்கிய தோளும் குனிந்த முகமும் ஒவ்வொரு படத்திலும் பதியும். "மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் திரும்பி நில்லும்மா, நல்லா இருக்கு" என்று சொன்னால், சொல்ல வந்த காரியமும் நடக்கிறது, பெண்ணின் முகமும் மலர்கிறது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதைப் போட்டோகிராபரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்னால் இன்னும் விசேஷம்.

தங்கைக்கோ மகளுக்கோ தை மாதத்திலோ வைகாசியிலோ கல்யாணம் வைத்திருப்பவர்கள், பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்றே போட்டோகிராபரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெண்ணை ஜன்னல் ஓரம் நிறுத்தி நாலு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பெண் சிரித்தால் முன்பணத்தைக் கொடுங்கள். சிரிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.